மக்கரெனாவ சும்மா விளையாட்டுப் பாட்டு எண்டு சொல்லாதீங்க

திருகோணமலையில எந்தக் கல்யாண ஹோலுக்குப் போனாலும் சாப்பாடு முடிஞ்சு எங்கட நாட்டு ஆட்டப் பாட்டான பைலா தொடங்கினாப் பிறகு எப்பிடியும் ஒருக்கா மக்கரெனா எண்ட ஸ்பானிஷ் பாட்டு வரும். வந்த உடன கொஞ்சப் பேர், பாட்டு விசயம் தெரிஞ்ச ஆக்கள், "இதெல்லாம் ஒரு பாட்டா" எண்டு முகத்தச் சுழிப்பாங்க. எனக்கு அதக் கேக்க உண்மையிலயே கோவம் வரும்.

அந்தப் பாட்டுக்காரர் ஆர் எண்டு பாருங்க. ஸ்பெயின்ல செவில் நகரத்துக்குக் கிட்ட தோஸ் எர்மானாஸ் எண்டு ஒரு ஊர், அந்த ஊர்ப் பெடியன்கள் ரெண்டு பேர், அந்தோனியோ ரொமேரோ, ரஃபாயல் ரூயிஸ், 1962ல சோடி சேர்ந்து லோஸ் டெல் ரியோ எண்டு பேர் வச்சுப் பாடத் தொடங்கினாங்க, முப்பது வருசம் தங்கட ஊர்ப் பாட்டுகளத்தான் பாடிக்கொண்டு இருந்தாங்க. 1992ல வெனிசுவேலாவுக்குப் போன இடத்தில ஒரு விருந்து, அங்க ஃபிளமெங்கோ எண்ட ஸ்பெயின் ஆட்டம் ஆடின ஒரு பொண்ணப் பாத்து அந்தோனியோ வாயில வந்தத அந்த இடத்திலயே பாடிட்டார், அதுதான் பிறகு பல்லவியா வந்திச்சு. 1993ல ரெக்கோர்ட் வெளிவந்து ஸ்பெயின்ல நல்லா ஓடிச்சு.

அமெரிக்காவுக்குப் போனது மயாமியால. அங்க ஒரு ரேடியோவில டீஜேக்கு இந்தப் பாட்டப் போடச் சொல்லி ஆக்கள் கேட்டுக்கொண்டே இருந்தாங்களாம், ஆனா இங்கிலிஷ் இல்லாத பாட்டு அந்த ஸ்டேஷன்ல போகாது. அதால பேசைட் போய்ஸ் எண்ட ஆக்கள் ஒரு பொண்ண வச்சு இங்கிலிஷ் வரி பாட வச்சு, டான்ஸ் பீட்டும் சேர்த்து ரீமிக்ஸ் செய்தாங்க. அது அமெரிக்காவில பாட்டுகள வரிசைப்படுத்துற பில்போர்ட் ஹொட் 100 சார்ட்ல மெல்ல மெல்ல ஏறி 1996 ஓகஸ்ட்ல முதலாம் இடத்துக்கு வந்திச்சு. 14 கிழமை அங்கயே நிண்டிச்சு! மொத்தமா 60 கிழமை சார்ட்ல. அந்த வருசம் சிக்காகோவில நடந்த டெமோகிரட்டிக் கட்சி மாநாட்டிலயும் ஆக்கள் எழும்பி நிண்டு ஆடினாங்க. பாடின ரெண்டு பேருக்கும் அப்ப ஐம்பது வயசு கிட்ட. அவ்வளவு காலம் பாடினவங்களுக்கு அந்த வயசில இப்பிடி ஒண்டு கிடைச்சத நினைச்சா எனக்கு இப்பவும் சந்தோசமா இருக்கும்.

வரிகளப் பாத்தா, காதலன் பட்டாளத்துக்குப் போற நேரம் அவன்ட கூட்டாளிமாரோட சுத்துற ஒரு பொண்ணுட கதை. இஞ்ச ஆருக்கும் ஸ்பானிஷ் தெரியாது, ஆரும் கேக்கிறதும் இல்ல. எங்கட ஏ.ஈ. மனோகரன் பாடின சுராங்கனி எண்ட சிங்களப் பாட்டும் அப்பிடித்தானே, மீன் கொண்டு வந்த கதை எண்டு விளங்காமலே தமிழ்நாட்டில எத்தின பேர் பாடினாங்க, அவர அங்க சிலோன் மனோகர் எண்டே கூப்பிட்டாங்க.

மக்கரெனாவில எனக்குப் பெரிசாப் படுறது அந்த ஆட்டம்தான். ரெண்டு கையையும் ஒண்டொண்டா முன்னுக்கு நீட்டு, உள்ளங்கையத் திருப்பு, தோள், தலை, இடுப்பு, பின்பக்கம், ஒரு ஆட்டு, குதிச்சுத் திரும்பு. அவ்வளவுதான். சோடி தேவையில்ல, காலே பெரிசா அசையத் தேவையில்ல. அண்டைக்கு உப்புவெளியில ஒரு ஹோல்ல பட்டுச்சாரியோட ஒரு ஆன்ட்டி, பைலாவுக்கு எவ்வளவு கூப்பிட்டும் கதிரைய விட்டு எழும்பாத ஆள், ஹேண்ட்பேக்க தோள்ல கொழுவினபடியே எழும்பி வந்து பக்கத்தில நிண்ட சின்னப் பிள்ளையிட கையப் பாத்துப் பாத்துச் செய்தா. திரும்பேக்க மற்றப் பக்கம் திரும்பிட்டா, பிள்ளை அவவிட சாரித் தலைப்பப் பிடிச்சு இழுத்துத் திருப்பி விட்டிச்சு, அடுத்த சுத்தில அவ சரியாத் திரும்பினா, அந்தப் பிள்ளையப் பாத்து ஒரு சிரிப்பு வேற. எட்டு வயசும் அறுபது வயசும் ஒரே வரிசையில நிண்டு ஒரே மாதிரி ஆடுறதுக்கு வேற எந்தப் பாட்டு இருக்கு சொல்லுங்க பாப்பம்.

சவுண்ட் போடுற தம்பிமாருக்கு ஒண்டு கேக்கிறன், எப்பவும் அந்த ரீமிக்ஸையே போடாம 1993ல வந்தத ஒருக்காப் போட்டுப் பாருங்க, கிட்டாரும் கைதட்டும் எவ்வளவு வடிவாக் கேக்குது எண்டு. ஆட்டத்துக்கும் அது நல்லாப் பொருந்தும்.