சுவரில் ஏறிய விரல்கள்

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை முடிந்த மூன்றாம் வாரம், அலமாரியின் மேல்தட்டு எனக்கு எட்டவில்லை. அக்குளிலிருந்து முழங்கைவரை கம்பியை இழுத்துக் கட்டியதுபோல இருந்தது. இயன்முறை மருத்துவர் ஒரு பயிற்சி சொல்லித்தந்தார்: சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்புபோல மேலே நடக்கவிட வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். முதல் கோடு என் மூக்குக்கு நேராக நின்றது. அழுகை வந்தது. ஆறு வாரத்தில் கோடுகள் தலைக்கு மேலே போய்விட்டன. சுவர் பாழாகிறது என்று வீட்டில் முணுமுணுத்தார்கள், நான் அழிக்கவில்லை.

"அந்தக் கையால் எதையும் தூக்காதே" என்று ஆளாளுக்கு எச்சரித்தார்கள். நிணநீர் தேங்கிக் கை வீங்கிவிடுமாம். ஆனால், சிறு எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் வீக்கம் மோசமாவதில்லை என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மேற்பார்வையோடு அரைக் கிலோவில் தொடங்கினேன். மோதிரம் இறுகினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் காட்டிவிடுவேன்.

வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி என்பது பரிந்துரை. கதிர்வீச்சுக்குப் பிந்தைய களைப்பில் பத்து நிமிட நடையே மலையாகத் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், படுத்தே கிடந்த நாட்களில்தான் களைப்பு அதிகம். இப்போது முப்பது நிமிடம், வாரம் ஐந்து நாள். மழை பெய்தால் மாடிப்படி.