சில்வர் ஓக் பட்டையில கொய்னா கண்டுபுடிச்ச கதை

ஒரு மெஷினுக்காக நாலு தடவ ஊட்டியிலருந்து கோயம்புத்தூர் போயிட்டு வந்தாச்சு. விடிகாலை பஸ், பர்லியார் தாண்டறதுக்குள்ள வயித்த பொரட்டும், அங்க போனா மெஷின்ல நமக்கு ஒரு மணி நேரம்தான் ஸ்லாட், அதுக்கு தனி பீஸ். இவ்ளோ பட்டும் முதல் ரெண்டு தடவ கையில கிடைச்சது சில்வர் ஓக் மரத்துலயும் கொய்னா, அதான் சிங்கோனா பட்டையில இருக்கற மலேரியா மருந்து, இருக்குங்கற உலக மகா கண்டுபிடிப்பு!

நடுவட்டம் பக்கம் 1860கள்ல வெள்ளைக்காரன் போட்ட சிங்கோனா தோட்டம் தெரியும்ல, அந்தப் பட்டையில கொய்னா எவ்ளோன்னு புளோரசன்ஸ்ல, அதாவது ஒரு ஒளிய அடிச்சா அது திருப்பி எவ்ளோ ஒளிருதுன்னு, பாக்கறதுதான் என் புராஜெக்ட். 0.1 நார்மல் சல்பியூரிக் ஆசிட், எக்சைட்டேஷன் (நாம அடிக்கற ஒளி) 350, பீக் (திரும்பி வர்ற ஒளியோட உச்சம்) 450 நானோமீட்டர் பக்கம், அதெல்லாம் சுலபமாவே முடிஞ்சுது. கண்ட்ரோலுக்கு, அதாவது கொய்னா இல்லாத பட்டையா ஒப்பிட்டுப் பாக்க, டீ எஸ்டேட்ல நிக்கற சில்வர் ஓக் பட்டை எடுத்தேன். அதுலயும் ஏறக்குறைய அதே எடத்துல பீக்.

மெஷின் பாத்துக்கறவர் நிமிந்துகூட பாக்கல. "பிளாங்க் சுத்தமா இருக்கும்மா, உங்க சாம்பிள்தான் தப்பு"ன்னுட்டார். பிளாங்க்னா பட்டை எதுவும் போடாத வெறும் கரைசல். கைடு சார் பட்டைய மாத்தி எடுத்துட்டியான்னு கேட்டார். சரின்னு எல்லாத்தையும் மறுபடி மொதல்லருந்து செஞ்சு ரெண்டாவது தடவ போனா அதே கதை.

மூணாவது தடவ ரெண்டு வேலை பண்ணேன். எக்சைட்டேஷன 340க்கு மாத்திப் பாத்தேன், 397ல இருந்த குட்டி மேடு 384க்கு நகந்துடுச்சு, சரி அது தண்ணியோட ராமன், தண்ணி சிதறடிக்கற ஒளி, அடிக்கற ஒளி மாறுனா அதுவும் கூடவே நகரும், விட்டுத்தள்ளு. பெரிய பீக் நகரல, அப்போ நெஜமாவே ஏதோ ஒண்ணு ஒளிருது. அடுத்து கொஞ்சம் உப்பு, சமையல் உப்பு இல்ல, லேப் சோடியம் குளோரைடு, ஒரு சிட்டிகை ரெண்டு சாம்பிள்லயும் போட்டேன். குளோரைடு பட்டா கொய்னா மங்கிடும். சிங்கோனா சாம்பிள் பாதிக்கு இறங்குச்சு, மீதி அப்படியே நின்னுச்சு. சில்வர் ஓக் பீக் அசையவே இல்ல. அப்பதான் மண்டையில உறைச்சுது, மெஷின்காரர் பிளாங்க் எடுத்தது அவங்க லேப் தண்ணியில, நான் சாம்பிள கரைச்சது ஊட்டியிலருந்து கேன்ல தூக்கிட்டுப் போன தண்ணியில! என் தண்ணிய மட்டும் தனியா ஊத்தி ஓட்டுனேன், வெறும் தண்ணி, 440 பக்கம் ஜம்முன்னு பீக்.

ஊருக்கு வந்ததும் கமர்சியல் ரோட்டுல நோட்டு செக் பண்ற யூவி டார்ச் ஒண்ணு வாங்கி ராத்திரி லேப்ல லைட்ட அணைச்சுட்டு கேன்ல அடிச்சேன், மூடியோட மரையெல்லாம் நீலமா எரியுது. லேப் அண்ணன்கிட்ட கேட்டா, "கேன் அழுக்கா கிடந்துச்சு பாப்பா, அதான் சோப்பு பவுடர் போட்டு நல்லா தேச்சு வச்சேன்"ங்கறார். துணி வெள்ளையா தெரியறதுக்கு சோப்பு பவுடர்ல போடற பிரைட்டனர் இருக்கே, அதோட வேலையே நீலமா ஒளிர்றதுதான். அவர என்னன்னு திட்டறது, பாசத்துல செஞ்சது.

அதனால இந்த வேலைக்கு போறவங்க, பிளாங்க் உங்க பாட்டில்லருந்தே எடுங்க, சாம்பிள் பட்ட பாடெல்லாம் அதுவும் படணும், பில்டர் பேப்பர், பிளாஸ்க், எல்லாம். மொத்த ஸ்கேனும் போட்டு பாருங்க, பிளாங்க்னு ஒரு நம்பர மட்டும் சாம்பிள்லருந்து கழிச்சுட்டு வராதீங்க. தண்ணிய கண்ணாடி பாட்டில்ல வைங்க. சாம்பிள் ஊத்தற குட்டி குவார்ட்ஸ் டப்பா, குவெட், அத மேல் ஓரத்துல மட்டும் புடிங்க, விரல் ரேகையும் ஒளிரும். டார்ச் வாங்குன காசு ஒரு தடவ பஸ் சார்ஜ்கூட வராது, கெளம்பறதுக்கு முன்னாடியே அடிச்சுப் பாத்துருங்க.

நாலாவது தடவ போனேன், சில்வர் ஓக் கோடு மாதிரி படுத்துக்கிச்சு. மெஷின்காரர் அப்பவும் நிமிரல.

அண்ணன் இப்போ எந்தக் கேனையும் கழுவறதே இல்ல. போன வாரம் ஜன்னலோரம் இருந்த கேன் தண்ணிய சும்மா ஓட்டிப் பாத்தேன், நீலம் இல்ல, 680 பக்கம், சிவப்புல ஒரு பீக். பாசி.