ராயபுரத்திலிருந்து வந்து சேர்ந்த ஓட்டு

ஆடி கழிந்து ஆவணியில் ராயபுரத்திலிருந்து கொருக்குப்பேட்டைக்கு வீடு மாறினோம். ஸ்கூல், காஸ், ரேஷன் என்று அலைந்ததில் ஓட்டு ஞாபகமே இல்லை. 2024 பொங்கலுக்கு அப்புறம் எலெக்‌ஷன் பேச்சு கிளம்பியதும்தான் உறைத்தது.

"ரெண்டும் வடசென்னைதானே, எங்க இருந்தா இன்னா?" என்றார் என் வீட்டுக்காரர். எம்.பி. தொகுதி ஒன்றுதான். ஆனால் அதற்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். வாக்காளர் பட்டியல் அந்தக் கணக்கில், பூத் வாரியாகப் பாகம் பாகமாக இருக்கிறது. எங்கள் பெயர் ராயபுரத்துப் பாகத்தில், குடியிருக்கும் கொருக்குப்பேட்டையோ ஆர்.கே.நகர் தொகுதி.

கீழ் வீட்டு அண்ணன் படிவம் 6 போடச் சொன்னார். நல்லவேளை, போடவில்லை. அது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு. முன்பு தொகுதி மாறினாலும் 6தான்; 2022 ஆகஸ்டிலிருந்து இடமாற்றத்துக்குப் படிவம் 8. அண்ணன் சொன்னது பழைய கணக்கு.

போனிலேயே தேர்தல் ஆணைய ஆப்பில் போட்டேன். நிராகரிப்பு! எங்கள் வாடகை ஒப்பந்தம் 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி, பதிவு செய்யாதது. அது செல்லாதாம். பதிவு பண்ணலாமா என்று கேட்டால் எந்த ஹவுஸ் ஓனர் சம்மதிப்பார்? கடைசியில் கவுன்சிலரிடம் ஆதார் படிவத்தில் கையெழுத்து வாங்கி, ஆதாரில் முகவரியை மாற்றி, அதை வைத்து மறுபடி போட்டேன். இதற்கே ஒரு மாசம் ஓடிவிட்டது. வேட்புமனு கொடுக்கக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பு வரைதான் விண்ணப்பிக்கலாம் என்பதால் வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஒரு மத்தியானம் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) அக்கா வந்தார், அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர். பழைய அட்டையை நீட்டினேன். "அட்டை இருந்தா ஆச்சா? லிஸ்டுல பேர் இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் விசாரித்துப் போனார். இரண்டு வாரத்தில் பெயர் புதுப் பாகத்தில் வந்துவிட்டது. அட்டை எண் அதேதான்.

ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. வெயிலுக்குப் பயந்து ஏழு மணிக்கே மாநகராட்சிப் பள்ளி வாசலில் நின்றேன். முதல் அதிகாரி பெயரை உரக்கப் படிக்க, பூத் ஏஜென்ட்கள் தங்கள் தாளில் டிக் அடித்தார்கள். அடுத்தவர் கையெழுத்து வாங்கி விரலில் மை வைத்தார். உள்ளே போனால் வரிசையாக மூன்று இயந்திரங்கள். ஒன்றில் 16 பெயர்தான் அடங்கும். வேட்பாளர்களோ 35 பேர், கூடவே நோட்டா. நம் சின்னம் எதில் என்று தேடியே கொஞ்ச நேரம் போனது. பட்டனை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் சீட்டு தெரிந்தது. ஏழு விநாடி. சின்னத்தைச் சரிபார்ப்பதற்குள் அறுந்து விழுந்தது.

வீட்டுக்காரர் கடைசி வரை படிவம் போடவே இல்லை. பைக்கில் ராயபுரம் போய்ப் போட்டுவிட்டு, பத்தரை மணிக்கு வேர்த்து விறுவிறுத்து வந்தார். "கேட் போட்டுட்டான்டீ, ரெண்டு கூட்ஸு" என்று சொம்புத் தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார்.