வயலைப் பாதியாகப் பிரித்தால் அது சோதனை ஆகாது

தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தில் கால் பங்கைக் குறைத்துப் பாருங்கள் என்று பல்கலைக்கழக விரிவாக்கப் பணியாளர் சொல்கிறார். விவசாயியும் வயலை நடுவில் பிரித்து, ஒரு பக்கம் பழைய அளவும் மறுபக்கம் குறைத்த அளவும் போடுகிறார். அறுவடையில் ஒரு பக்கம் கூடுதலாகக் காண்கிறது. அது உரத்தால் வந்ததா, வாய்மடைப் பக்கம் என்பதால் தண்ணீர் முந்திப் பாய்ந்து வந்ததா? இனி யாராலும் சொல்ல முடியாது. ஒரு பருவம் போனது போனதுதான்.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்துக்கு 1919இல் வந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் எதிர்கொண்டதும் இதே முடிச்சுதான். அங்கே 1843இல் தொடங்கிய கோதுமைச் சோதனையில் உரத்துக்கு ஒரு பட்டை (நீளமான நிலத் துண்டு) என்று பிரித்திருந்தார்கள். பட்டைக்குப் பட்டை மண்ணும் மாறும் என்பதால் உரத்தின் வேலையைத் தனியாகப் பிரித்தெடுப்பது சிரமம். அவர் காட்டிய வழி: ஒவ்வொரு முறையையும் பல இடங்களில் திரும்பச் செய்; எது எங்கே என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்.

இரண்டு முறைகளை ஒப்பிட முறைக்கு ஒன்றாகப் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் கொண்ட ஐந்து ஜோடிகள், அதாவது பத்து பட்டைகள் போதும். மூன்று ஜோடிக்குக் கீழே போனால் உழைப்பு வீண். பட்டையின் அகலம் அறுவடை இயந்திரத்தின் அகலத்தைப் போல இரு மடங்காவது இருக்கட்டும். மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கிப் பட்டைகளை நீளவாக்கில் விட்டால் நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லாப் பட்டைக்கும் கிடைக்கும். சரிவு கடுமையாக இருந்து மண் அரிக்கும் என்றால் குறுக்கே போடலாம். ஒரு ஜோடியின் இரு பட்டைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால் சரி. ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக நாணயம் சுண்டுங்கள். தொடர்ந்து மூன்று முறை தலையே விழுந்தாலும் கை வைக்கக் கூடாது. ‘பார்வைக்குச் சரியாக’ மாற்றியமைப்பதில்தான் பெரும்பாலான சோதனைகள் கெடுகின்றன.

மாற்றுவது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். கம்போஸ்ட் போட்ட பட்டை, போடாத பட்டை என்று ஒப்பிடுபவர்கள் கம்போஸ்டில் உள்ள தழைச்சத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. 40% ஈரமுள்ள 5 டன் கம்போஸ்டில் உலர் எடை 3 டன். அதில் 1.5% தழைச்சத்து இருந்தால் 45 கிலோ. முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது அதில் சிறு பங்குதான், ஆனாலும் எழுதி வைக்காவிட்டால் முடிவைப் படிக்க முடியாது.

உரத்தைக் குறைக்கும் சோதனையில் அடிக்கடி விட்டுப்போவது, தழைச்சத்தே போடாத பட்டை. ஜோடிக்கு ஒன்று வீதம் அதையும் சேர்த்துவிடுங்கள். முழு உரம், முக்கால் உரம் இரண்டிலும் விளைச்சல் ஒன்றாக வந்தால் முக்கால் போதும் என்று மகிழ்ந்துவிடுவோம். உரமே காணாத பட்டையும் அதே அளவு விளைந்திருந்தால், பயிர் அந்தப் பருவம் மண்ணில் இருந்த சேமிப்பைத் தின்றிருக்கிறது என்று பொருள். அடுத்த பருவம் சேமிப்பு தீரும், குட்டு வெளிப்படும். அதனால் ஒரே பருவத்து முடிவைப் பரிந்துரையாக அச்சிடுவது எனக்கு ஒப்பாது. இரண்டு மூன்று பருவம் அதே பட்டைகளில் அதே முறை தொடர வேண்டும்.

அறுவடையில் ஓர வரிசைகளை விட்டுவிட்டு நடுவை மட்டும் எடுங்கள். பக்கத்துப் பட்டையின் உரத்தை ஓரத்து வேர்கள் எட்டியிருக்கும். பட்டைக்குப் பட்டை தனியாக எடை, தனியாக ஈரப்பதம். எல்லா எடையையும் ஒரே ஈரப்பதத்துக்கு மாற்றுங்கள்: 18% ஈரத்தில் 420 கிலோ என்றால் 14% கணக்கில் 420 × 82 ÷ 86, சுமார் 400 கிலோ. இதைச் செய்யாவிட்டால் தாமதமாக முற்றும் பட்டை தண்ணீரின் எடையில் வென்றுவிடும்.

பிறகு ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் புதிய முறையின் எடையிலிருந்து பழையதன் எடையைக் கழித்துப் பாருங்கள். வித்தியாசங்கள் +12, −5, +8, +3, +7 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சராசரி 5. பார்த்தால் லாபம் போலத்தான் தெரியும். ஆனால் ஐந்து ஜோடிக்கு 95% நம்பக எல்லை, அதாவது உண்மையான வித்தியாசம் பெரும்பாலும் அடங்கும் வரம்பு, சராசரியோடு கூட்டிக் கழிக்க 8 கிலோ வருகிறது. உண்மையான வித்தியாசம் −3 முதல் +13 வரை எங்கும் இருக்கலாம். இதை ‘இரண்டும் சமம்’ என்று எழுதுவதும் தப்பு. ‘இந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை’ என்பதே சரியான வாசகம். வயல் தந்தவருக்கு இந்த எண்கள் அடுத்த விதைப்புக்கு முன் போய்ச் சேர வேண்டும். ஆய்விதழில் வரட்டும் என்று காத்திருந்தால் அவர் அடுத்த முறை வயல் தரமாட்டார்.

மற்ற விவசாயிகளை அழைத்துச் சோதனையைக் காட்டும் வயல் விழாவைப் பயிர் நிற்கும்போதே வையுங்கள். பலகையில் எண் மட்டும் இருக்கட்டும், முறையின் பெயர் வேண்டாம். எது குறைத்த உரம் என்று வந்தவர்களே கண்டுபிடிக்க முயன்றால் பேச்சு தானாகச் சூடு பிடிக்கும். நடைபாதையை ஓர வரிசைகளில் விடுங்கள், எடை போடப்போகும் நடுப் பகுதியைக் கூட்டம் மிதித்துவிடக் கூடாது.