மலைக்கு இந்தப் பக்கம்

22 ஏப்ரல் 2025, வெங்கடாபுரம்
நேற்றிலிருந்து, தெலங்கானா-சத்தீஸ்கர் எல்லையில் இருக்கும் கர்ரெகுட்டா மலையில் வெடிச் சத்தம். மாவோயிஸ்டுகளைத் தேடிப் படை ஏறியிருக்கிறது. ஹெலிகாப்டர் போவதும் வருவதுமாக இருக்கிறது. அடிவாரத்துக் குத்திகோயா பழங்குடிகளின் குடிசைகளுக்குப் போட வேண்டிய போர்வெல்லுக்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. போலீஸ் விடவில்லை. ரிக்குக்கு அடியில் நிழலில் படுத்திருக்கிறோம். ராத்திரி பஹல்காம் செய்தி.

24 ஏப்ரல்
மலையில் மூன்று மாவோயிஸ்ட் பெண்களைச் சுட்டுவிட்டார்களாம். எங்கள் வண்டியில் வேலை செய்யும், சத்தீஸ்கர் பக்கத்து உசூர் பையன் என் போனை வாங்கி இந்திச் செய்தியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டான். “பேரு சொன்னாங்களா அண்ணா?”

25 ஏப்ரல்
திருச்செங்கோட்டிலிருந்து ஓனர். “சீசன்ல வண்டிய மரத்தடியில கட்டிப்போட்டுட்டு என்னப்பா பண்றீங்க?”

28 ஏப்ரல்
வெயில் மண்டையைப் பிளக்கிறது. ரிக்கைத் தொட்டால் கை வெந்துவிடும். இந்த வெயிலில் மேலே ஏறியிருப்பவர்கள் தண்ணீருக்கு என்ன செய்வார்கள்? எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும்தான்.

இது பீடி இலை சீசன். 50 இலை ஒரு கட்டு. வருஷத்தில் கையில் காசு பார்ப்பது இப்போதுதான் என்றாள் ஒரு கோயாப் பாட்டி. மலையில் குண்டு புதைத்திருக்கிறோம், ஏறாதீர்கள் என்று மாத ஆரம்பத்திலேயே மாவோயிஸ்ட் அறிக்கை வந்துவிட்டது. இப்போது போலீசும் ஏறாதே என்கிறது. இந்தக் குத்திகோயாக்கள், மாவோயிஸ்டுகளுக்கு எதிராக ஊர்க்காரர்கள் கையிலேயே ஆயுதம் கொடுத்த சல்வா ஜூடும் காலத்தில் சத்தீஸ்கர் பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்கள். இனி எங்கே ஓடுவது?

மாவோயிஸ்டுகளுக்கு எதிரான இந்த ஆபரேஷன் ககரை நிறுத்தச் சொல்லி வரங்கல் கூட்டத்தில் தெலங்கானா முன்னாள் முதல்வர் கே.சி.ஆர். பேசியிருக்கிறார். டீக்கடையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1 மே
பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

3 மே
இன்று அவனாகவே சொன்னான். அம்மா மலைக்கு அந்தப் பக்கம், ஊரில் டவர் கிடையாது. மலையே சுமார் 60 கிலோமீட்டர் நீளம். சுற்றிக்கொண்டு போக வேண்டுமென்றால் வாஜேடு, பூபாலபட்டினம், பீஜாப்பூர், ஆவாபள்ளி, அப்புறம்தான் உசூர். அக்கா, இவன் சின்னப் பையனாக இருந்தபோதே ‘உள்ளே’, மாவோயிஸ்டுகளோடு, போய்விட்டாள். அங்கே போனால் பேரை மாற்றிவிடுவார்களாம். அதனால் பேர் வந்தாலும் தெரியாது, படம் வந்தால்தான். “படத்தப் பாத்தா தெரியுமாடா?” என்றேன். கேட்டிருக்க வேண்டாம்.

கூடப் படித்தவன் ஒருத்தன் மாவோயிஸ்டுகளைத் தேடும் சத்தீஸ்கர் போலீஸ் படையான டி.ஆர்.ஜி.யில் இருக்கிறானாம். அவனும் இப்போது மேலேதான் இருப்பான் என்கிறான். டி.ஆர்.ஜி.க்கு ஆள் எடுப்பதே இந்தப் பஸ்தர் பகுதிப் பையன்களைத்தான். சரணடைந்து வந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். இவன் போர்வெல் வண்டிக்கு வந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

4 மே
கம்ப்ரசரைச் சும்மா ஓட்டிப் பார்த்தோம். என்ன சத்தம் என்று போலீஸ் வந்துவிட்டது.

7 மே
ஆபரேஷன் சிந்தூர். எல்லா சேனலிலும் பாகிஸ்தான். இந்த மலையில் 20 பேருக்கு மேல் செத்துவிட்டார்கள் என்று கடைத்தெருவில் பேச்சு. டி.வி.யில் அது கீழே ஓடும் ஒரு வரி. பையன் அந்த வரி திரும்ப வரும் வரைக்கும் டீக்கடையை விட்டு நகரவில்லை.

8 மே
வாஜேடு பக்கத்துக் காட்டில் கண்ணிவெடி. தெலங்கானாவின் மாவோயிஸ்ட் எதிர்ப்புப் படையான கிரேஹவுண்ட்ஸ் போலீஸ் மூன்று பேர் செத்துவிட்டார்கள். பையனை அந்த ரூட்டில்தான் அனுப்புவதாக இருந்தேன்.

10 மே
பாகிஸ்தானோடு சண்டை நிறுத்தமாம். நம் ஆட்கள் விசில் அடித்தார்கள். பையன், “இங்கயுமா அண்ணா?” என்றான்.

13 மே
ஹெலிகாப்டர் இல்லை. குத்திகோயா குடிசைகளில் போர்வெல் போட இன்னும் அனுமதி வரவில்லை.

14 மே
அதிகாரிகள் பேட்டி கொடுத்துவிட்டார்கள். 21 நாள் ஆபரேஷன். கொல்லப்பட்டவர்கள் 31, அதில் பெண்கள் 16. எடுத்த குண்டுகள் 450. காயம்பட்ட ஜவான்கள் 18. இலை பறிக்கப் போக முடியாதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பையன் 16 என்ற இடத்திலேயே நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறான்.

15 மே
கம்மம் பக்கம் வண்டியைக் கொண்டு போகச் சொல்லி ஓனர் உத்தரவு. பையனுக்குக் கணக்கு முடித்து அனுப்பலாம் என்றேன். சீசன் முடியட்டும் என்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையில் இருந்ததைக் கொடுத்து, காலையில் கிளம்புடா என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் தெரிகிறது, அவன் ஆதார் ஓனர் ஆபீஸில் இருக்கிறது. அது இல்லாமல் பூபாலபட்டினம் தாண்ட விடுவார்களா? போட்டோவாவது எடுத்து அனுப்புங்கள் என்று ஆபீஸ் பையனிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.