துருக்கியில் அத்தை கேட்ட ஒரே கேள்வி

டிசம்பர் ஸ்கூல் லீவுக்குத் துருக்கி என்று முடிவு செய்தது மாமாதான். ரிட்டயர் ஆனதிலிருந்து யூடியூபில் பைசாந்தியப் பேரரசு, ஒட்டோமான் பேரரசு என்று ராத்திரி ஒரு மணி வரை பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர். அத்தைக்கு எந்தப் பேரரசும் வேண்டாம். பிபிக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர், குளிரில் அதன் வேலை இரண்டு மடங்கு. அதனால் இஸ்தான்புல்லில் இறங்கி கைடு "வணக்கம், நல்வரவு" எல்லாம் சொல்லி முடித்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "பஸ்ஸுல பாத்ரூம் இருக்கா தம்பி?" என் மகள்தான் மொழிபெயர்த்தாள். இல்லை என்றார் கைடு. அந்த நிமிடத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்குத் துருக்கியின் வரைபடமே மாறிப்போய்விட்டது.

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து கிளம்பிய குழுவில் எங்களைத் தவிர மற்றவர்களில் பெரும்பாலோர் சீன ஆன்ட்டிகள், அங்கிள்கள், ஒரு மலாய்க் குடும்பம். ஆன்ட்டிகள் படு உஷார். கோச்சின் முன் சீட்டில் ராத்திரியே தொப்பியை வைத்துவிட்டுப் போனவரும் உண்டு. கைடு வேறு வழியில்லாமல் தினமும் சீட்டைச் சுழற்றிவிடும் முறையைக் கொண்டுவந்தார், அதிலிருந்து அத்தைக்குக் கவலை, "பின்னாடி சீட்டு வர்ற அன்னிக்கு நான் இறங்கி ஓடறதுக்குள்ள க்யூ நின்னுடுமே."

கோச் டூர் போனவர்களுக்கு ஆறு, ஏழு, எட்டு தெரிந்திருக்கும். ஆறு மணிக்கு எழுப்புவார்கள், ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டு மணிக்கு வண்டி. இதில் ஒரு விஷயம் யாரும் முன்னாடியே சொல்லவில்லை. துருக்கி 2016-லிருந்து குளிர்காலத்திலும் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவதில்லை, கோடைக்கால நேரத்திலேயே வருஷம் முழுக்க ஓட்டுகிறார்கள், ஆகவே டிசம்பரில் இஸ்தான்புல்லில் சூரியன் வருவதற்கே எட்டு மணி தாண்டிவிடும். கும்மிருட்டில் ஆலிவும் வெள்ளரிக்காயும் சீஸும் சாப்பிட்டோம். அத்தை வெந்த முட்டையின் மேல் பருப்புப்பொடி தூவிக்கொண்டு, "ராக்கால பூஜைக்குப் போற மாதிரி இருக்கு" என்றார்.

ஆயா சோபியா 537-ல் கட்டி முடித்தது. தேவாலயம், 1453-க்குப் பிறகு மசூதி, நடுவில் மியூசியம், 2020-லிருந்து மறுபடி மசூதி. சுற்றுலாக்காரர்களை இப்போது மாடிக்கு மட்டும்தான் விடுகிறார்கள். அங்கே பளிங்குக் கைப்பிடிச் சுவரில் ஏதோ ஒரு வைக்கிங் வீரன் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தன் பெயரைக் கிறுக்கிவைத்திருக்கிறான், ஹால்ஃப்டான் என்பது மட்டும் படிக்க முடிகிறதாம். எல்லாரும் அதைப் பயபக்தியோடு படமெடுத்துக்கொண்டிருக்க, என் மகன், "நான் டெஸ்க்ல எழுதினா மட்டும் டீச்சர் ஏன் உங்களைக் கூப்பிடறாங்க?" என்று கேட்டான். இவர் மேலே கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வீட்டில் எனக்கு எப்போதும் கிடைக்கும் ஒத்துழைப்பு இது.

அப்புறம் டார்டனெல்ஸ் நீரிணையைத் தாண்டும் பாலம். மாமா இதற்காக நோட்டே கொண்டுவந்திருந்தார். 2022-ல் திறந்தது, நடு இடைவெளி 2023 மீட்டர், துருக்கிக் குடியரசின் நூறாவது வருஷத்தைக் குறிக்க வேண்டும் என்றே வைத்த அளவு. கோபுரம் 318 மீட்டர், அதுவும் மார்ச் 18-ஆம் தேதி 1915 கடற்போர் வெற்றிக்காக. மாமா இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச்சொல்ல கைடுக்கே வாய் அடைத்துப்போனது. அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, பாலத்துக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கா?" என்றார்.

இருந்தது. காசு கொடுத்துத்தான். நெடுஞ்சாலையோரக் கழிப்பறைகள் பலவற்றில் வாசலில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், லீராவைப் போட்டால் கம்பி சுழலும். அத்தைக்கு இது கௌரவப் பிரச்சினை. சில்லறைக்கென்றே ஒரு சுருக்குப்பை, தெர்மல் உடுப்புக்கு மேல் புடவை, அதற்கு மேல் இவருடைய ஜாக்கெட், தலையில் மங்கி கேப், இத்தனையையும் சுமந்துகொண்டு பனியில் ஓடுகிறவரிடம் காசு கேட்டால் கோபம் வரத்தானே செய்யும். "பெரிய பெரிய ராஜாவெல்லாம் ஆண்ட ஊருங்கறீங்க, ஒண்ணுக்குப் போக காசா?"

எபேசஸ் என்ற பழைய ரோமானிய நகரத்தின் இடிபாடுகளில் அதற்குப் பதில் கிடைத்தது. செல்சஸ் நூலகத்தின் முகப்பு உண்மையிலேயே பிரமாதம், ஆனால் எங்கள் வீட்டில் அதன் படம் இரண்டுதான் இருக்கிறது. பக்கத்திலுள்ள ரோமானியப் பொதுக் கழிப்பறையின் படம் முப்பதுக்கு மேல். நீளமான பளிங்குப் பலகையில் வரிசையாகத் துளைகள், நடுவில் தடுப்பு கிடுப்பு ஒன்றும் கிடையாது, கால்மாட்டில் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால், கழுவிக்கொள்ளக் குச்சியில் கட்டிய கடற்பஞ்சு, அதையும் ஆளுக்கு ஆள் கைமாற்றிக்கொள்வார்களாம். குளிர்காலத்தில் எஜமான் வருவதற்கு முன் அடிமை போய் உட்கார்ந்து பளிங்கைச் சூடாக்கிவைப்பான் என்று கைடு சொன்னதும் அத்தை மாமாவை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்.

மாமா சும்மா இருந்திருக்கலாம். வெஸ்பாசியன் என்ற ரோமானியப் பேரரசன் சிறுநீருக்கே வரி போட்டான், அதைக் கழிப்பறைகளிலிருந்து எடுத்துப் போனவர்கள் தோல் பதனிடவும் துணி வெளுக்கவும் பயன்படுத்தினார்கள் என்று எடுத்துவிட்டார். மகன் முறையிட்டபோது ஒரு காசை அவன் மூக்கருகே நீட்டி நாறுகிறதா என்று கேட்டானாம். அத்தை இதை ரொம்ப உன்னிப்பாகக் கேட்டார். "தோலுக்கா?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டபோதே நான் சுதாரித்திருக்கணும்.

ஏனென்றால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கோச் நேராகப் போய் நின்றது ஒரு தோல் ஜாக்கெட் கடையில். இந்த டூர்களில் இது எழுதாத விதி. உள்ளே ஆப்பிள் டீ கொடுத்து, விளக்கை அணைத்து, பாட்டைப் போட்டு ஃபேஷன் ஷோ நடத்துகிறார்கள். ஒல்லியான பையன்களும் பெண்களும் ஜாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு நடந்துவிட்டு, கடைசியில் கூட்டத்திலிருந்து ஆள் பிடிப்பார்கள். பிடித்தது மாமாவை. சட்டென்று ஏதோ பழுப்பு ஜாக்கெட்டை மாட்டி, கறுப்புக் கண்ணாடி வைத்து விட்டதுதான் தாமதம், மனிதர் இடுப்பில் கைவைத்து ஒரு திரும்பு திரும்பினார். சீன ஆன்ட்டிகள் விசில் அடித்தார்கள். என் மகள் தாவணி மாதிரி ஸ்கார்ஃபால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அங்கேயே பாதி விற்பனை முடிந்தது என்று விற்பனையாளர் நினைத்திருப்பார். கால்குலேட்டரில் ஒரு விலை, அதை அழித்து இன்னொன்று, உங்களுக்காக மட்டும் என்று மூன்றாவது. "தொட்டுப் பாருங்க மேடம், வெண்ணெய் மாதிரி" என்று ஜாக்கெட்டின் கையை அத்தையிடம் நீட்டினார். அத்தை தொடவில்லை. குனிந்து, மங்கி கேப்பை லேசாக ஒதுக்கி, முழங்கைப் பக்கம் ஒரு தடவை, காலர் பக்கம் ஒரு தடவை மோந்து பார்த்தார். பிறகு என் மகளிடம், "இதுல என்ன ஊத்தினாங்கன்னு கேளு."

அவள் கேட்க மறுத்துவிட்டாள். அத்தையே கையாலும் முகபாவத்தாலும் கேட்டார். விற்பனையாளருக்குப் புரிந்ததா இல்லையா தெரியாது, ஆனால் நான்காவது விலை வரவே இல்லை. மாமா ஜாக்கெட்டைக் கழற்றும்போது பார்க்கப் பாவமாக இருந்தது.

பாமுக்கலேயில் சுண்ணாம்புப் படிகளைக் காப்பாற்ற செருப்பில்லாமல்தான் நடக்கணும். ஊற்றில் தண்ணீர் 35 டிகிரியாம், ஆனால் அது வழிந்து நம் காலுக்கு வருவதற்குள் டிசம்பர் காற்று அதைத் தின்றுவிடுகிறது. ஷூவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஆ ஊ என்று கத்திக்கொண்டே அழகை ரசித்தோம். இதற்கு மேல் எழுத எனக்குக் கால் விரல் மரத்துப்போனது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

கோன்யாவில் சூஃபிக் கவிஞர் ரூமியின் சமாதியைப் பார்த்துவிட்டுப் போகும் வழியில் சுல்தான்ஹானி சத்திரம். 1229-ல் செல்ஜுக் சுல்தான் கட்டியது, ஒட்டகக் கூட்டத்தோடு வரும் வியாபாரிகள் தங்குவதற்கு. மூன்று நாள் வரை தங்க, சாப்பிட, ஒட்டகத்துக்குத் தீனி, எல்லாம் இலவசம் என்றார் கைடு. அத்தைக்கு முதல் முறையாகத் துருக்கி வரலாற்றில் ஒரு ராஜா பிடித்துப்போனார். எனக்கும்தான். அந்த வாசலின் கல்வேலைப்பாட்டை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், நெடுஞ்சாலை ரெஸ்ட் ஸ்டாப்புக்கு இப்படி ஒரு வாசல் வைத்தவர்கள் நல்ல மனுஷர்களாகத்தான் இருந்திருக்கணும்.

கப்படோக்கியாவில் பலூன் பறக்கவில்லை. காற்று. விடிகாலை எழுந்து கிளம்பி உட்கார்ந்திருந்து, அனுமதி இல்லை என்று செய்தி வந்ததும் திரும்பப் போய்ப் படுத்தோம். ஆனால் டெரின்குயு நிலத்தடி ஊருக்குப் போனோம். படையெடுப்பு வந்தால் மக்கள் ஆடுமாட்டோடு கீழே இறங்கி, வட்டக் கல்லை உள்ளிருந்து உருட்டிக் கதவை அடைத்துக்கொள்வார்கள். கிட்டத்தட்ட 85 மீட்டர் ஆழம், குனிந்தபடியே இறங்கும் படிகள். மாமா பஃப் ஜாக்கெட்டோடு ஒரு வளைவில் மாட்டிக்கொள்ள, முன்னாலிருந்து இவர் இழுக்க, பின்னாலிருந்து மலாய்க் குடும்பத்துப் பெரியவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தள்ள, ஒருவழியாக வெளியே வந்தார். அத்தை இதையெல்லாம் கவனிக்கவில்லை. உள்ளே காற்றில்லாமல் கதகதப்பாக இருந்தது, ஒரு கல்திண்ணையில் சௌகரியமாக உட்கார்ந்து சமையலறை, திராட்சை மது அறை, குதிரை லாயம், கிணறு எல்லாவற்றையும் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். கணக்கில் ஒன்று குறைந்தது.

"இத்தனை பேர் இருந்திருக்காங்களே தம்பி, பாத்ரூம் எங்க?"

ஜஸ்டினியனிலிருந்து அட்டாடுர்க் வரை மூச்சுவிடாமல் சொன்ன கைடு கொஞ்சம் திணறினார். இங்கே இல்லை, பானைகளை வைத்திருந்திருக்கலாம், ஆனால் டட்லரின் என்று இதே பக்கத்தில் வேறொரு நிலத்தடி ஊர் இருக்கிறது, அங்கே கழிப்பறை இருக்கிறது என்றார். அது டூரில் உண்டா? இல்லை.

கடைசி நாள் கோச்சில் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். ஓட்டுநர், சாப்பாடு, ஹோட்டல் எல்லாவற்றுக்கும் அத்தை தாராளமாக அஞ்சுக்கு அஞ்சு போட்டார். ஆலோசனைகள் என்ற இடத்தில் மட்டும் பேத்தியை விட்டு எழுதச் சொன்னார்: அடுத்த குழுவையாவது டட்லரினுக்கு அழைத்துப் போகவும். கைடு அதைப் படித்துவிட்டு மாமாவிடம் வந்து, மேடத்துக்கு வரலாற்றில் இவ்வளவு ஆர்வமா என்று கேட்டு அவருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.