இரவில் யாரைக் கூப்பிடுவது

மருத்துவர் சங்கம் ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன் என்று சொன்னால், நீங்களும் டாக்டரா என்றுதான் பலரும் முதலில் கேட்பார்கள். நான் வணிகவியல் படித்தவள். சந்தா வசூல், ரசீது, ஆண்டுக் கணக்கு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேலூரில் உள்ள இந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். சில ஆண்டுகள் கழித்து இளம் மருத்துவர்களுக்கென்று ஒரு பயிற்சித் திட்டத்தைச் சங்கம் தொடங்கியபோது, அரங்கு பிடிப்பதற்கும் அழைப்பு அனுப்புவதற்கும் சாப்பாட்டுக்குச் சொல்வதற்கும் ஓர் ஆள் வேண்டுமே என்று அந்தப் பொறுப்பையும் என்னிடம் கொடுத்தார்கள். படிப்பை முடித்து முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இருப்பவர்களே எங்கள் கணக்கில் இளம் மருத்துவர்கள்.

மாவட்டம் 1989 இல் ஒரு முறையும் 2019 இல் இன்னொரு முறையும் பிரிந்துவிட்டது. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகிவிட்டன. ஆனால் எங்கள் உறுப்பினர் பதிவேடு மட்டும் பிரியாமல் ஆற்காட்டிலிருந்து நாட்றம்பள்ளி வரை ஒரே கட்டாக இருக்கிறது. மூத்த உறுப்பினர்கள் சிலர் இன்றும் தங்கள் முகவரியில் வட ஆற்காடு என்றே எழுதுகிறார்கள். இதைச் சொல்லக் காரணம் உண்டு. திட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுகள் எல்லாக் கூட்டங்களையும் நான் வேலூரிலேயே, வார நாளில், மாலை ஏழரை மணிக்கு, ஏதாவதொரு ஹோட்டலின் குளிரூட்டிய அரங்கில் நடத்தினேன். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உள்ள நர்சிங் ஹோம்களில் டூட்டி டாக்டராக இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில்தான் பகல் டூட்டி முடியும், அல்லது இரவு டூட்டி தொடங்கும். திருப்பத்தூரிலிருந்து பேருந்தில் வந்து சேரவே இரண்டு மணி நேரம் ஆகும். அவர்கள் எப்படி வருவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

இருந்தும் கையெழுத்துப் பதிவேடு நிரம்பியது. மருத்துவர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வியில் பங்கேற்க வேண்டும் என்பது 2002 ஆம் ஆண்டின் நடத்தை நெறி விதிகளில் உள்ளது. அந்த மணிகளுக்காக உள்ளூரில் கிளினிக் வைத்திருக்கும் நடுவயதுக்காரர்கள் வந்து கையெழுத்திட்டு, இரவு உணவு முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். தலைகளை எண்ணி, இளம் மருத்துவர் திட்டம் சிறப்பாக நடைபெறுகிறது என்று நான் ஆண்டறிக்கையில் எழுதினேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை; நானாகத்தான் எழுதினேன்.

மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் நண்பகலில் அலுவலகத் தொலைபேசிக்கு ஓர் இளம் பெண் மருத்துவர் அழைத்தார். அடுத்த கூட்டத்துக்குப் பெயர் பதியவேண்டும் என்று தொடங்கியவர், சற்றுத் தயங்கி, "மேடம், சார்ல யாராவது ஒருத்தர் நம்பர் கிடைக்குமா? சும்மா ஒரு டவுட் கேக்கணும்" என்றார். என்ன சந்தேகம் என்று கேட்டதும் கொட்டிவிட்டார். முந்தைய இரவு, அவர் தனியாக டூட்டியில் இருந்த சிறிய மருத்துவமனைக்குப் பாம்புக்கடி என்று ஒரு விவசாயியை அழைத்து வந்திருக்கிறார்கள். பாம்பை யாரும் பார்க்கவில்லை. கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்திருந்தால் இரத்தம் உறையாமல் போகலாம். ஆகவே சிறிது இரத்தத்தை ஒரு சோதனைக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். இது அவருக்குத் தெரியும். அங்கே இருந்தவை பிளாஸ்டிக் குழாய்கள். எல்லாம் ஒன்றுதானே என்றார் லேப் ஊழியர். மருத்துவமனையின் உரிமையாளரான டாக்டர் வெளியூரில் இருந்தார், செல்பேசி அணைந்திருந்தது. கடைசியில் இந்தப் பெண்ணே 108 ஐ அழைத்து நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார், அந்த மனிதரும் பிழைத்துக்கொண்டார். ஆனால் விடிந்த பிறகும் அவருக்கு மனம் ஆறவில்லை. அனுப்பியது சரி என்று தெரிந்து அனுப்பினேனா, பயந்து அனுப்பினேனா என்பதுதான் அவர் கேள்வி.

அன்று மாலையே எங்கள் மூத்த பொது மருத்துவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். கண்ணாடியின் பரப்புத்தான் இரத்தம் உறைவதைத் தூண்டிவிடுகிறது, பிளாஸ்டிக்கில் நல்ல இரத்தமே அந்த நேரத்துக்குள் உறையாமல் நின்றுவிடலாம், சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடிக் குழாயும் அப்படித்தான் ஏமாற்றும், ஆகவே அந்தப் பெண் சந்தேகப்பட்டது நியாயம் என்று அவர் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிட்டார். வணிகவியல் படித்த எனக்கே புரிந்தது. அந்த ஐந்து நிமிடம் முந்தைய இரவு பதினொரு மணிக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

அந்தப் பெண் சீனாவில் படித்தவர். வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வை எழுதித் தேறி, இங்கே பயிற்சி மருத்துவராக ஓராண்டு முடித்து, வேலைக்கு வந்திருந்தார். அப்படி வந்தவர்களைப் பற்றி எங்கள் கூட்டங்களில் சிலர், அடிப்படை போதாது என்று பொதுவாகச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு நானும் அதையே நம்பியிருந்தேன். வேலூர் மருத்துவத்துக்குப் பேர்போன ஊர். 1918 இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது, அடுக்கம்பாறையில் 2005 இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இங்கே படித்த பிள்ளைக்கு விடுதியில் கூட இருந்த அண்ணாக்களும் அக்காக்களும் உண்டு. நடு இரவில், "அண்ணா, ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டால் திட்டிக்கொண்டாவது பதில் சொல்லிவிடுவார்கள். பாடத்தில் இல்லாத பாதிப் படிப்பு அந்த வழியாகத்தான் நடக்கிறது. குடியாத்தத்தில் பிறந்து வெளிநாட்டில் ஆறு ஆண்டுகள் படித்துத் திரும்பிய பிள்ளைக்குச் சொந்த ஊரில் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருப்பார்கள், சீனியர் என்று ஒருவர்கூட இருக்கமாட்டார். எங்கள் திட்டம் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது அந்த ஒரு சீனியரைத்தான். நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்தது விரிவுரையை.

உடனே வழிகாட்டிகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தேன். அதிலும் சறுக்கினேன். வேலூரில் பெரும்பெயர் பெற்ற நிபுணர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் நான்கு இளையவர்கள் என்று பிரித்துவிட்டேன். தொடக்க விழாவில் புகைப்படம் எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து விசாரித்தபோது பெரும்பாலானோர் ஒரு முறைகூடப் பேசியிருக்கவில்லை. புகழ்பெற்றவரின் செல்பேசியை எடுப்பது அவருடைய உதவியாளர், ஓ.பி. முடிந்ததும் கூப்பிடுங்கள் என்பார்; இரண்டாவது முறை கூப்பிட இளையவருக்குத் துணிவு இருக்காது. பிறகு பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டே கேள்விகளை வைத்து ஆள் சேர்த்தேன்: எந்த ஊரில் இருக்கிறீர்கள், இரவில் எத்தனை மணி வரை போனை எடுப்பீர்கள். வந்த பெயர்களில் பாதிப்பேர் அதுவரை எந்த மேடையிலும் உட்காராதவர்கள்: பேரணாம்பட்டில் நாற்பது ஆண்டுகளாகக் கிளினிக் வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற அரசு மருத்துவர்கள், ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நீண்ட காலம் இருந்த ஓர் அம்மையார்.

எதிர்ப்பும் வந்தது. தங்கள் மருத்துவமனையில் சம்பளம் வாங்கும் டாக்டர் வெளியாளிடம் கேஸைப் பற்றிப் பேசுவது, வீட்டுப் பேச்சைத் தெருவில் பேசுவதுபோல என்று உறுப்பினர் ஒருவர் கடுமையாகச் சொன்னார். அதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நோயாளியின் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் சொல்லக்கூடாது, இளையவருக்கு வேலை கொடுப்பவரே அவருக்கு வழிகாட்டியாக இருக்கக்கூடாது, அனுப்ப வேண்டிய நோயாளியைப் போனில் ஆலோசனை கேட்டுக்கொண்டு வைத்திருக்கக்கூடாது என்று மூன்று விதிகள் எழுதுவதற்குச் செயற்குழு இரண்டு முறை கூட வேண்டியிருந்தது.

கூட்டங்களையும் நிறுத்திவிடவில்லை, ஞாயிறு காலைக்கும் ஆம்பூருக்கும் மாற்றினேன். ஆம்பூர் என்பதால் மதியச் சாப்பாட்டுக்கு என்ன என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அங்கே நடந்த முதல் கூட்டத்தில் ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர் ஒருவர், தலைக்காயங்களைப் பற்றிப் பேச வந்தவர், படங்களை ஓட்டாமல் தன் முதல் வேலையின் மூன்றாவது மாதத்தில் நடந்ததைச் சொன்னார். மிதிவண்டியிலிருந்து விழுந்த ஒருவர் தெளிவாகப் பேசுகிறாரே என்று தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். விடியற்காலையில் மயங்கிய நிலையில் தூக்கி வந்திருக்கிறார்கள். மண்டையோட்டுக்குள் கட்டும் இரத்தம் மூளையை அழுத்தும் வரை சில மணி நேரம் மனிதர் நன்றாகவே பேசிக்கொண்டிருக்கக்கூடும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தும், கண்முன்னே பார்த்தபோது தனக்குத் தோன்றவில்லை என்றார். அந்த மனிதர் பிழைக்கவில்லை. அரங்கில் ஓர் ஓசை இல்லை. பிறகு கேள்விகள் வரத் தொடங்கின, பிரியாணி ஆறிப்போனது. அன்றிலிருந்து வழிகாட்டியாக வருகிற ஒவ்வொருவரிடமும், உங்கள் சாதனைக் குறிப்பு வேண்டாம், நீங்கள் தவறவிட்ட ஒன்றை முதல் சந்திப்பில் சொல்ல முடியுமா என்று கேட்கிறேன். முடியாது என்று எழுந்து போனவர்களும் உண்டு.

இளையவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை, ஆள் அடையாளம் இல்லாமல், வழிகாட்டிகள் எனக்குச் சொல்வார்கள். அதை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நோய்களைப் பற்றிய கேள்விகளைவிட மற்றவையே மிகுதி. வயிற்றுவலி என்று அழைத்து வந்த பதினாறு வயதுப் பெண் கருவுற்றிருக்கிறாள், வெளியே சொல்லாதீர்கள் என்று தாய் காலில் விழுகிறார். 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும், அதை அந்தத் தாயிடம் எந்த வார்த்தையில் சொல்வது? விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுவந்தால் போலீஸ் கேஸ் வேண்டாம் என்று நிர்வாகி தடுக்கிறார்; முதலில் சிகிச்சை, மற்றவை பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989 இலேயே சொல்லிவிட்ட பின்பும் அவரிடம் எப்படிப் பேசுவது? ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் எதை எழுதுவது, எதை ஊகித்து எழுதக்கூடாது? உறவினர் கேட்டால் சிகிச்சைக் குறிப்பை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாமே, இங்கே கேஸ் ஷீட்டே எழுதுவதில்லையே?

நோட்டில் அடிக்கடி வரும் இன்னொன்று, மூலச் சான்றிதழ்களை மருத்துவமனை வாங்கி வைத்துக்கொண்டு, வேலையை விட்டாலும் திருப்பித் தர மறுப்பது. இதற்காக மாதிரிப் பணி ஆணை ஒன்றை வரைந்தோம்; சான்றிதழ்களைச் சரிபார்த்து அன்றே திருப்பித் தரவேண்டும் என்பது அதில் ஒரு வரி. நான்கு பக்கம் உள்ள அந்த ஆணை செயற்குழுவில் நிறைவேற ஓராண்டுக்கு மேல் ஆனது. செயற்குழுவில் பலர் நர்சிங் ஹோம் வைத்திருப்பவர்கள் என்பதை நான் இங்கே சொல்லாமல் விட்டால் அந்த ஓராண்டு யாருக்கும் விளங்காது.

முதுநிலை நீட் தேர்வுக்கு முன் எந்த நிகழ்ச்சியும் வைப்பதில்லை. வைத்தாலும் மேசைக்கடியில் கேள்வி வங்கிதான் ஓடும். தேர்வுத் தேதி தள்ளிப்போகும்போதெல்லாம் எங்கள் நாட்காட்டியும் தள்ளிப்போகிறது. தீராத குறை ஒன்று இருக்கிறது. பெண் மருத்துவர்கள் திருமணமாகி ஊர் மாறியதும் எண்ணும் மாறிவிடுகிறது, தொடர்பு அறுந்துவிடுகிறது. வழிகாட்டிகள் தேடுகிறார்கள், என்னிடம் கேட்கிறார்கள், என் பதிவேட்டில் பழைய எண்தான் இருக்கிறது.

பாம்புக்கடி இரவைப் பற்றி அழைத்த பெண் இப்போது வாணியம்பாடியில் சொந்தமாகக் கிளினிக் நடத்துகிறார். சென்ற மாதம் வழிகாட்டிப் படிவத்தை நிரப்பி அனுப்பியிருந்தார். எத்தனை மணி வரை அழைக்கலாம் என்ற இடத்தில், "குழந்தை ஒன்பதரைக்குத் தூங்கிவிடும், அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும்" என்று எழுதி, கீழே ஆறு கண்ணாடிக் குழாய்கள் எப்போதும் கைவசம் இருக்கும், அருகில் யாருக்காவது வேண்டுமானால் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று சேர்த்திருந்தார்.